காலி நாற்காலிகள் பேசுமா?

ஆட்சிப் பீடத்தில் அமர்ந்திருப்போர் ஒரு குரலை அடக்கிட விரும்பினால், அதற்கு வழிகள் பல உண்டு. சிறைக் கதவைத் திறந்து உள்ளே தள்ளுவது ஒரு வழி. உலகம் அறிந்துவிடும், ஊர் பழிக்கும். சட்டம் இயற்றி வாயடைப்பது மற்றொரு வழி. மன்றத்திலே விவாதம் எழும். ஏடுகளிலே கண்டனம் எழும். மூன்றாவது வழியொன்று இருக்கிறது. அதில் ஓசையில்லை, செலவில்லை, பழியுமில்லை. பேசுவதற்கென்று போடப்பட்ட நாற்காலியில் எவரையும் அமர்த்தாமல் விட்டுவிடுவதே அந்த வழி! குழு இருக்கும், குழுவின் பெயர் அரசாங்க ஏட்டிலே இருக்கும், கூடுவதற்கு மண்டபமும், எழுதுவதற்குக் காகிதமும் இருக்கும். பேசத்தான் ஆள் இருக்காது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், படையிலே பணியாற்றித் திரும்பிய பெண்களின் நலன் குறித்து அரசுக்கு அறிவுரை கூறிட, முன்னாள் படைமகளிர் ஆலோசனைக் குழு என்று ஒன்று சட்டத்தின் வழி அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் உறுப்பினர்களின் பதவிக் காலம் முடியும்போது, "இடங்கள் காலியாகின்றன, தகுதியுடையோரின் பெயர்களை அனுப்பலாம்" என்று அந்நாட்டு அரசிதழிலே ஓர் அறிவிப்பு வெளியாகும். சிறிய எழுத்து, வறண்ட நடை, கடைசி நாள் இது, அனுப்ப வேண்டிய முகவரி இது என்று முடிந்துவிடும். படிப்போர் சிலர், பாராது கடந்து செல்வோர் பலர். ஆனால் அந்தச் சிறு அறிவிப்பின் பின்னே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் வாழ்வு நிற்கிறது. அந்நாட்டின் முன்னாள் படைவீரர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் பெண். அந்த ஒருவருக்காகப் பேசும் இடம் நிரப்பப்படுகிறதா, எப்போது நிரப்பப்படுகிறது, எவரைக் கொண்டு நிரப்பப்படுகிறது என்பது அலுவலகச் சில்லறை விவகாரமா? மக்களாட்சியின் மாற்றறியும் உரைகல்லே அதுதான்.

இந்தக் குழு பிறந்த வரலாற்றை அறிந்தால்தான் நாற்காலியின் அருமை விளங்கும்.

அமெரிக்க விடுதலைப் போரின் இறுதிக் கட்டத்தில், 1782-ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸ் பகுதியைச் சேர்ந்த டெபோரா சாம்ப்சன் என்னும் இளம் பெண், ஆணுடை தரித்து, ஆண் பெயர் பூண்டு, படையிலே சேர்ந்தாள். போரிட்டாள், காயமுற்றாள், பின்னர் நோயுற்றுக் கிடந்தபோது அவள் பெண் என்பது தெரிந்தது. நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டாள். ஆனால் ஓய்வூதியம்? நாட்டுக்காகக் குருதி சிந்தியவள், ஆண்டுக் கணக்கில் மனுப் போட்டபடி இருந்தாள். பால் ரிவியர் என்னும் புகழ்பெற்ற விடுதலை வீரர், அவளுக்காகப் பரிந்து 1804-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு, 1805-இல், அவள் பெயர் ஓய்வூதியப் பட்டியலில் ஏறியது. போர் முடிந்து இருபதாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர்!

இதிலிருந்து நாம் உணரவேண்டியது என்ன? அவளுடைய வழக்கிலே நியாயம் முதல் நாளிலிருந்தே இருந்தது. இல்லாதிருந்தது, அந்த நியாயத்தை அதிகாரத்தின் செவியிலே சேர்த்திடும் நாவு. அவளுக்கு ஒரு ரிவியர் கிடைத்தார். கிடைக்காத பெண்கள் எத்தனை பேர்! அவர்களின் பெயரை எந்த ஏடு கூறும்? ஊரறிந்த பெரியவர் ஒருவரின் இரக்கத்தை நம்பி உரிமை நிற்கலாகாது. உரிமையை எடுத்துரைக்க நிலையான இடம் ஒன்று வேண்டும். ஆலோசனைக் குழுவின் நாற்காலி என்பது அந்த இடம்தான்.

டெபோராவின் காலம் பழைய காலம் என்று தள்ளிவிட முடியுமா? முதல் உலகப் போரின்போது, 1918-இல், பிரெஞ்சு மண்ணிலே அமெரிக்கப் படையின் தொலைபேசி இணைப்பகங்களில் அமர்ந்து, தளபதிகளின் கட்டளைகளைப் போர்முனைக்குச் சேர்த்த பெண்கள் இருநூற்றுக்கு மேற்பட்டோர். படையின் சீருடை அணிந்தனர். படையின் உறுதிமொழி ஏற்றனர். போர் முடிந்து வீடு திரும்பியபோது, 'நீங்கள் படையினர் அல்லர்' என்று கூறப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண் விமானிகள், தொழிற்சாலையிலிருந்து படைத்தளங்களுக்குப் போர் விமானங்களை ஓட்டிச் சென்றனர். அப்பணியிலே முப்பத்தெட்டுப் பேர் உயிர் நீத்தனர். உடலை ஊருக்கு அனுப்பும் செலவைக்கூட அரசு ஏற்கவில்லை. குடும்பத்தாரும் உடன் பணியாற்றிய தோழியரும் ஏற்றனர். இவ்விரு சாராருக்கும் படையினர் என்னும் தகுதியைப் பெற வழி திறந்த சட்டம் 1977-இல்தான் வந்தது. தொலைபேசிப் பெண்கள் காத்திருந்தது ஐம்பத்தொன்பது ஆண்டுகள். காத்திருந்தவரில் பெரும்பாலோர் அதற்குள் கல்லறை சேர்ந்துவிட்டனர்.

1948-இல் பெண்கள் படையிலே நிரந்தரமாகப் பணியாற்றலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது. இடம் கொடுத்த கையே எல்லையும் வகுத்தது. மொத்தப் படையில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் பெண்கள் கூடாது; இன்ன பதவிக்கு மேல் உயரக் கூடாது! அந்தத் தடை 1967-இல் நீங்கியது. படையிலுள்ள ஆணின் மனைவிக்கு விசாரணையின்றிக் கிடைத்த சலுகை, படையிலுள்ள பெண்ணின் கணவனுக்குக் கிடைக்க வேண்டுமானால், அவன் அவளுடைய வருவாயை நம்பி வாழ்கிறான் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்றிருந்தது. அந்த வேறுபாடு செல்லாது என்று 1973-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தனைக்கும் பிறகு, படையிலே பணியாற்றிய பெண்கள் நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எளிய கணக்காவது அரசிடம் இருந்ததா என்றால், இல்லை. 1980-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போதுதான், 'நீ படையிலே பணியாற்றியதுண்டா?' என்ற கேள்வி முதன்முதலாகப் பெண்களிடமும் கேட்கப்பட்டது. பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் 'ஆம்' என்றனர். கேட்டவர்களே திகைத்தனர்! பன்னிரண்டு இலட்சம் பேர் அது நாள்வரை எங்கே ஒளிந்திருந்தனர்? எங்கும் ஒளியவில்லை. அண்டை வீட்டிலே இருந்தனர், அங்காடியிலே இருந்தனர், கேட்பார்தான் இல்லை. கேட்காத அரசுக்கு அவர்கள் இல்லாதவர்களாகவே இருந்தனர்.

இரண்டாண்டு கழித்து, 1982-இல், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து அறிக்கை தந்தது. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் பெண்களுக்கு மறைவான குளியலறை இல்லை. பெண்களுக்கே உரிய நோய்களுக்குப் போதிய மருத்துவம் இல்லை. உடற்சோதனை அரைகுறையாக நடக்கிறது. தமக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்ற செய்தியே பெண்களைச் சென்றடையவில்லை என்பது அந்த அறிக்கையின் சாரம். மருத்துவமனை கட்டியோர் கொடியவர்கள் அல்லர். ஆணை மட்டுமே மனத்தில் கொண்டு கட்டினர், அவ்வளவே. பெண்ணொருத்தி உடனிருந்து, 'ஐயா, நான் எங்கே ஆடை மாற்றுவது?' என்று கேட்டிருந்தால், அந்தக் கட்டடம் வேறு விதமாக எழுந்திருக்கும். கேட்க ஒரு நாற்காலி அங்கே போடப்படவில்லை.

1983 நவம்பரில் அந்த நாற்காலி போடப்பட்டது. சட்டம் இயற்றிக் குழுவை அமைத்தனர். அந்தச் சட்டத்தின் அமைப்பை அறிவது பயனுடையது. முன்னாள் படைமகளிரின் பிரதிநிதிகள் குழுவிலே இருக்க வேண்டும். பெண்களின் உடல்நலம் உள்ளிட்ட துறைகளில் தேர்ந்த அறிஞர்கள் இருக்க வேண்டும். படைப்பணியால் உடற்குறை எய்தியோரில் பெண் ஒருவரேனும், ஆண் ஒருவரேனும் இருக்க வேண்டும். அண்மையிலே படையை விட்டு வந்த பெண்களும் இருக்க வேண்டும் என்று 2010-இல் சேர்க்கப்பட்டது. தொழிலாளர் துறையும் பாதுகாப்புத் துறையும் பதவி வழியில் இடம்பெறும். இரட்டைப்படை ஆண்டுதோறும் ஜூலை முதல் நாளுக்குள் குழு தன் அறிக்கையைத் துறைச் செயலாளரிடம் தரவேண்டும். செயலாளர் என்பது அந்நாட்டு வழக்கு. நம் வழக்கிலே அமைச்சர். அவர் அறுபது நாட்களுக்குள் தம் கருத்தையும் இணைத்து, அந்த அறிக்கையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

நல்ல சட்டம். ஆனால் நல்ல சட்டத்திலும் ஓட்டை இருக்கும். அதிகாரம் அந்த ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிக்கும். குழுவிலே எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? அமைச்சர். உறுப்பினர்களை நியமிப்பது யார்? அமைச்சர். காலம் முடிந்தவரை மீண்டும் அமர்த்துவதா, அனுப்பிவிடுவதா என்று தீர்மானிப்பது யார்? அதுவும் அமைச்சர்தான். பதவிக் காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டிய சட்டம், காலியான இடத்தை இத்தனை நாளுக்குள் நிரப்பியாக வேண்டும் என்று வரம்பு கட்டவில்லை. வெளியேறும் கதவுக்குக் கடிகாரம் உண்டு; உள்ளே வரும் கதவுக்குக் கடிகாரம் இல்லை!

'சில திங்கள் காலியாகக் கிடந்தால் குடி முழுகிப் போய்விடுமா?' என்று கேட்போர் உண்டு. அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். உறுப்பினரின் காலம் அதிகமாகப் போனால் மூன்றாண்டு. அறிக்கை ஈராண்டுக்கு ஒன்று. ஆகவே ஓர் உறுப்பினர் தம் காலத்திலே காணக்கூடியது ஓர் அறிக்கை, மிஞ்சினால் இரண்டு. மருத்துவமனைகளைப் பார்வையிட்டு, பெண்களிடம் கேட்டறிந்து, அலுவலர்களின் விடையைப் பெற்று, அலசி எழுதி முடிக்க அந்த ஈராண்டே போதாது. அதிலே ஓராண்டு நாற்காலி காலியாகக் கிடந்தால், ஓர் அறிக்கையின் வாழ்நாளிலே பாதி வீண். புதியவர் வரும்போது பழையவர் போய்விட்டிருந்தால், 'முன்பு என்ன கேட்டோம், என்ன விடை வந்தது, எதை இழுத்தடித்தனர்' என்று எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. அலுவலகமோ நிலைத்து நிற்கிறது. கோப்புகள் அதன் கையிலே இருக்கின்றன. நினைவுடைய அலுவலகத்தின் முன், நினைவற்ற குழு என்ன செய்யும்? தலையாட்டும்!

இனி, எதிர்வாதங்களைப் பார்ப்போம். அவற்றைத் தட்டிக் கழிப்பது முறையாகாது.

'ஆலோசனைக் குழுதானே! அதற்கு ஆணையிடும் அதிகாரம் இல்லையே! இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?' என்பது முதல் வாதம். ஆணையிடும் அதிகாரம் இல்லை, மெய்தான். ஆனால் விடையளிக்க வைக்கும் அதிகாரம் இருக்கிறதே! குழு எழுதியதை அமைச்சர் பெட்டியிலே போட்டுப் பூட்ட முடியாது. அறுபது நாளுக்குள் மக்கள் பிரதிநிதிகளின் மேசைக்கு அனுப்பியாக வேண்டும். ஏற்கிறேன் என்றோ, மறுக்கிறேன் என்றோ அவர் எழுதுவது பதிவாகிறது. மறுத்தால் ஏன் மறுத்தார் என்று மன்றம் கேட்கும். குழு அமைந்த பிறகு வந்த ஆண்டுகளைப் பாருங்கள். படைக்குள்ளே பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு ஆறுதலும் மருத்துவமும் அளித்திட 1992-இல் சட்டம். படைமகளிருக்கெனத் தனி மையம் அமைத்திட 1994-இல் சட்டம். துறையிலே பெண்கள் உடல்நல அலுவலகத்தை அமைத்திட 2021 ஜனவரியில் சட்டம். அந்த இறுதிச் சட்டத்துக்கு வைக்கப்பட்ட பெயர் என்ன தெரியுமா? டெபோரா சாம்ப்சன் சட்டம்! இவையெல்லாம் ஒரு குழுவின் சாதனை என்று கூறுவது மிகையாகும். பலரின் உழைப்பு அதிலே இருக்கிறது. ஆனால் இடைவிடாது நினைவூட்டும் குரலொன்று உள்ளிருந்து ஒலிக்கும்போதுதான் வெளியே உழைப்போரின் கைக்கு வலுவேறும்.

'முன்னாள் படைவீரர் அனைவருக்கும் பொதுவாக ஏற்பாடுகள் இருக்கும்போது பெண்களுக்கென்று தனியாக எதற்கு?' என்பது இரண்டாம் வாதம். கேட்பதற்குச் சமத்துவம் போலத் தோன்றும். பொது என்ற பெயரால் நடந்தது என்ன என்பதற்குத்தான் 1982-ஆம் ஆண்டு அறிக்கை சான்று கூறுகிறதே! போரிலே கால் இழந்த பெண்ணுக்கு, ஆணின் அளவுக்குச் செய்த செயற்கைக் காலைக் கொடுத்து, 'இதுதான் பொது அளவு' என்பது சமத்துவமாகுமா? அத்துறை தன் கொள்கை வாசகமாக நெடுங்காலம் கொண்டிருந்தது, ஆபிரகாம் லிங்கன் 1865-இல் ஆற்றிய உரையின் ஒரு பகுதி. போரைத் தாங்கியவனையும், அவன் விதவையையும், அவன் குழந்தையையும் காப்போம் என்பது அதன் பொருள். அதன்படி பெண் என்றால் விதவை. வீரர் என்றால் ஆண். போரைத் தாங்கியவளும் உண்டு என்று அந்த வாசகத்தை மாற்றியது 2023-இல்தான். லிங்கனைக் குறை கூறவில்லை. அவர் காலம் அது. அவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அலுவலகத்தின் வாசலிலே அதே சொல் நின்றதே, அதைக் கூறுகிறோம்.

'தகுதியைப் பார்த்து அமர்த்துங்கள். இன்ன வகையார் வேண்டும் என்று பங்கு பிரிக்காதீர்கள்' என்பது மூன்றாம் வாதம். தகுதி வேண்டும், மறுப்பார் யார்? ஆனால் தகுதி என்பது பட்டமும் பதவியும் மட்டுமா? வியத்நாம் போருக்குச் சென்ற அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோர் செவிலியர். வாஷிங்டன் நகரிலுள்ள நினைவுச் சுவரிலே எட்டுப் பெண்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உயிரோடு திரும்பியவர்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்களின் தேவை வேறு. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றி வந்தவள் கைக்குழந்தையோடு மருத்துவமனைக்கு வருகிறாள். அவளின் தேவை வேறு. போர்ப் பணிகள் அனைத்தும் பெண்களுக்குத் திறந்துவிடப்படும் என்று 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டதே, அதன் பின்னே படையில் சேர்ந்தவளின் காயமும் வேறு. உயர் அதிகாரியாக இருந்தவள் அறியாததைச் சாதாரணச் சிப்பாயாக இருந்தவள் அறிவாள். மாநகரிலே வாழ்பவள் அறியாததை, மருத்துவமனைக்கு நாள் முழுதும் பயணம் செய்யும் சிற்றூர்ப் பெண் அறிவாள். பட்டுணர்ந்த அறிவும் ஒரு தகுதியே. இந்த வேலைக்கு அதுவே தலையாய தகுதி.

காலியாக விடுவதைக் காட்டிலும் நயமான மற்றொரு தந்திரம் உண்டு. நாற்காலியை நிரப்பிவிடுவது, ஆனால் 'ஆமாம்' போடுவோரைக் கொண்டு நிரப்புவது! ஆலோசனைக் குழுக்களில் பல்வேறு கருத்துடையோரும் சமநிலையில் இடம்பெற வேண்டும், நியமிப்பவரின் செல்வாக்குக்கு அவை அடிமைப்படலாகாது, கூட்டங்கள் மக்கள் அறிய நடக்க வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. அமைச்சருக்கு இனிப்பதை மட்டும் கூறுவதற்கு அவருக்கு ஒரு குழு தேவையில்லை. ஒரு கண்ணாடி போதும்!

இந்த அச்சம் வீண் கற்பனை அன்று. பாதுகாப்புத் துறையில் நடந்ததைப் பாருங்கள். படையிலே பணியாற்றும் பெண்களைக் குறித்து அறிவுரை கூற, 1951-இல் ஜார்ஜ் மார்ஷல் அத்துறையின் செயலாளராக இருந்தபோது ஒரு குழுவை அமைத்தார். எழுபதாண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பரிந்துரைகளை அக்குழு அளித்தது. அவற்றில் பெரும்பாலானவை ஏற்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஜனநாயகக் கட்சி ஆட்சியில், பாதுகாப்புத் துறை தன் ஆலோசனைக் குழுக்களின் உறுப்பினர் நூற்றுக்கணக்கானோரை ஒரே ஆணையால் விடுவித்து, மறு ஆய்வு செய்கிறோம் என்று பணியை நிறுத்தி வைத்தது. 2025 செப்டம்பரில், குடியரசுக் கட்சி ஆட்சியில், மார்ஷல் அமைத்த அந்தக் குழு அடியோடு கலைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பிளவு உண்டாக்கும் பெண்ணியத்தை வளர்க்கிறது, போருக்கான ஆயத்தத்தைக் கெடுக்கிறது என்பது கூறப்பட்ட காரணம். ஒரு கட்சி இடைநிறுத்தியது. மற்றொரு கட்சி இழுத்து மூடியது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் நாற்காலி அமைச்சரின் விருப்பத்தில் தொங்குகிறது என்பதை இரண்டும் காட்டிவிட்டன.

இதிலே வேடிக்கை ஒன்றும் இருக்கிறது. முன்னாள் படைமகளிர் குழுவுக்குப் பாதுகாப்புத் துறை தன் பிரதிநிதியை அனுப்பும்போது, தன்னுடைய பெண்கள் குழுவைக் கலந்தாலோசித்து அனுப்ப வேண்டும் என்பது சட்டத்தின் வாசகம். கலந்து பேச வேண்டிய குழுவையே கலைத்தாகிவிட்டது! இனி யாரிடம் கலந்து பேசுவது? பூட்டிய அறையின் கதவிடமா?

ஆகவே நாம் கூறுவது இதுதான். பதவிக் காலம் முடியும் நாள் முன்கூட்டியே தெரிந்த நாள்; ஆகையால் அது முடியுமுன்பே பெயர்களைக் கேட்டு, முடியும் நாளன்றே புதியவரை அமர்த்த வேண்டும். எல்லோருடைய காலமும் ஒருசேர முடியாதபடி, பழையவர் சிலர் இருக்கப் புதியவர் சிலர் வரும்படி முறை வகுக்க வேண்டும். எந்தப் போர்க் காலத்தினர், எந்தப் படையினர், எந்தப் பதவியினர், எந்தப் பகுதியினர் குழுவிலே இல்லை என்று பார்த்து, அந்தக் குறையை நிரப்புவோரை அழைக்க வேண்டும். இத்தனையும் அமைச்சரின் நல்லெண்ணத்துக்கு விடப்படாமல், இன்னின்ன நாளுக்குள் நிரப்பியாக வேண்டும், நிரப்பாவிடில் காரணத்தை நாடாளுமன்றத்துக்கு எழுதியாக வேண்டும் என்ற ஒரு வரி சட்டத்திலே ஏற வேண்டும். ஒரே ஒரு வரி! அறிக்கை தர நாள் குறித்தவர்களுக்கு, ஆளை அமர்த்த நாள் குறிப்பது இயலாத செயலா?

துப்பாக்கி ஏந்தச் சொன்னபோது அந்தப் பெண்கள் நாள் கடத்தவில்லை. காயமுற்றோரைக் கவனிக்கச் சொன்னபோது, 'பிறகு பார்க்கலாம்' என்று கோப்பை மூடிவைக்கவில்லை. அழைத்த நாளிலே வந்தனர். அனுப்பிய இடத்துக்குச் சென்றனர். அவர்களுக்காகப் பேசும் நாற்காலியை நிரப்ப மட்டும் அரசுக்கு அவகாசம் வேண்டும் என்றால், கடமை என்ற சொல்லுக்குப் படையிலே ஒரு பொருள், அலுவலகத்திலே மற்றொரு பொருள் என்றாகிவிடும். எண்ணிப் பார்க்காத காரணத்தால் பன்னிரண்டு இலட்சம் பெண்களை இல்லாதவராக்கிய நாடு அது. எண்ணிப் பார்த்த பின்பும் கேட்காதிருந்தால், அதற்கு அறியாமை என்ற சாக்குக்கூடக் கிடையாது.